சர்வே எண்ணுக்கு ஒரு தேதி

நெய்வேலிச் சுரங்கங்களின் பொறியாளர்களுக்கும், நிரந்தரத் தொழிலாளர்களுக்கும், தொழிற்சங்கப் பொறுப்பாளர்களுக்கும், டவுன்ஷிப்பில் வளர்ந்து இன்று வெளியூர்களில் இருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் ஒரு திறந்த மடல்.

நேரத்தின் அருமையை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட் என்று நாளை மூன்றாகப் பிரித்தே வாழ்ந்து பழகியவர்கள் நீங்கள். கன்வேயர் பெல்ட் நின்றால், எத்தனை நிமிடம் நின்றது, எதனால் நின்றது என்று பதிவேட்டில் எழுதுகிறீர்கள். பக்கெட் வீல் எந்திரத்தைப் பழுதுபார்க்க எப்போது நிறுத்துவது என்று முன்கூட்டியே திட்டம் போடுகிறீர்கள். உங்கள் சுரங்கத்தின் விளிம்பை அடுத்த வயலில் நிற்பவரும் காலம் பார்த்துத்தான் பிழைக்கிறார். ஆடிப் பட்டம், புரட்டாசி நடவு, தை அறுப்பு என்பது அவர் கணக்கு. அறுபது வருடங்களுக்கும் மேலாக இந்த இரண்டு கணக்குகளும் ஒரே வரப்பில் அக்கம்பக்கமாக இருந்துவருகின்றன. இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதிப் பார்க்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

ஏன் உங்களுக்கு எழுத வேண்டும்? நிர்வாகத்துக்கும் அமைச்சர்களுக்கும் ஆட்சியருக்கும் கிராமங்கள் மனு கொடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. கட்சிகளும் வந்தன, கொடிகளும் வந்தன. ஆனால் சுரங்கம் நாளை எந்தப் பக்கம் நகரும் என்பது மனு வாங்குகிறவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். கரிவெட்டியில், கத்தாழையில், மும்முடிச்சோழகனில், வளையமாதேவியில் இருப்பவர்களுக்கு உங்களைவிட நெருங்கிய அக்கம்பக்கத்தார் வேறு யாரும் கிடையாது. மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் ஒரே கடையில் நின்று டீ குடிப்பவர்கள் நீங்களும் அவர்களும். பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகனுக்குக் காவடி எடுத்து வருகிற கூட்டத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் வைப்பவர்களும் நீங்கள்தான்.

(கரிவெட்டி என்ற பெயரைக் கேட்டால் சுரங்கத்துக்காகவே வைத்த பெயர்போல இருக்கும். ஊர் சுரங்கத்துக்கு முந்தியது. பெயரில் இவ்வளவு குறும்பு வேண்டியதில்லை.)

2023 ஜூலை 26 உங்களுக்கு நினைவிருக்கும். அன்று காலை போலீஸ் பாதுகாப்புடன் பொக்லைன்கள் வளையமாதேவி வயல்களில் இறங்கின. பரவனாற்றை நிரந்தரமாகத் திருப்பிவிடும் கால்வாய்க்கான வேலை அது. இரண்டு மாதத்தில் அறுவடைக்கு வரவேண்டிய நெல், பச்சை மாறாமல் மண்ணோடு புரட்டப்பட்டது. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு மஞ்சள் எந்திரமும் பச்சை வயலும் மட்டும் தெரிந்திருக்கும். வயல்காரருக்குத் தெரிந்தது வேறு. நாற்றுப் பறித்த கூலி, நட்ட கூலி, இரண்டு முறை போட்ட உரம், மின்சாரம் வரும் நேரம் பார்த்து ராத்திரியில் எழுந்து போட்ட மோட்டார் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை அவர் மனத்தில் ஓடியிருக்கும். இரண்டு நாள் கழித்து, 28ஆம் தேதி, நெய்வேலியில் பாட்டாளி மக்கள் கட்சி நடத்திய முற்றுகை கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் போலீஸ் வானத்தை நோக்கிச் சுட்டதிலும் முடிந்தது. டவுன்ஷிப் அன்று கதவைச் சாத்திக்கொண்டது. உங்களைக் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பவேண்டிய நேரம்.

உயர் நீதிமன்றத்தில் இந்த விவகாரம் வந்தபோது, அந்தக் காட்சியைப் பார்த்து அழுகை வந்ததாக நீதிபதி சொன்னார். பயிர் வாடியதைக் கண்டு தானும் வாடிய வள்ளலாரை அவர் நினைவுபடுத்தினார். வள்ளலாரின் வடலூர் உங்கள் டவுன்ஷிப்பிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரம்தான். நீதிமன்றத்தின் கேள்வி மிக எளிமையானது: அறுவடை வரை இரண்டு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?

உங்கள் தரப்பில் அதற்குப் பதில் இருந்தது. அதையும் நேர்மையாக எழுத வேண்டும். நிலம் 2006 முதல் 2013 வரையிலான ஆண்டுகளில் கையகப்படுத்தப்பட்டது, பணம் கொடுத்தாகிவிட்டது, பயிர் வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லியாகிவிட்டது என்பது ஒன்று. இரண்டாம் சுரங்கத்தின் வெட்டு பரவனாற்றுக்கு 60 மீட்டர் வரை நெருங்கிவிட்டது என்பது இன்னொன்று. 12 கிலோமீட்டர் கால்வாயில் 10.5 கிலோமீட்டர் முடிந்து, மிச்சம் ஒன்றரை கிலோமீட்டர்தான் அப்போது பாக்கி. வடகிழக்குப் பருவமழைக்குள் அது முடியாவிட்டால் ஆறு சுரங்கத்துக்குள் பாயும் அபாயம் இருந்தது. சுரங்கத்தில் வேலை செய்கிறவர் எவரும் இதை அலட்சியமாகச் சொல்லமாட்டார். சுற்றிலும் இத்தனை ஊர்களின் வெள்ளத்தையும் வாங்கி ஓடுகிற ஆறு அது. அதன் தண்ணீர் சுரங்கப் படிகளுக்குள் இறங்கினால் கீழே இருக்கும் ஆட்களின் கதி என்ன என்று உங்களுக்குத்தான் தெரியும்.

சரி, பதிலில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தப் பதிலையே கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பன்னிரண்டு கிலோமீட்டரில் பத்தரை கிலோமீட்டர் முடிந்துவிட்டதென்றால், மிச்ச ஒன்றரை எந்தப் பருவத்தில் வெட்டப்படும் என்பது ஜூலை 26 காலையில் திடீரென்று தோன்றிய முடிவாக இருக்க முடியாது. வெட்டு 60 மீட்டர் வரை வந்ததும் ஒரே நாளில் அல்ல. அதற்கு முந்தைய வருடம் அது எங்கே நின்றது என்பதும், அதற்கு முந்தைய வருடம் எங்கே நின்றது என்பதும் சர்வே பிரிவின் வரைபடத்தில் மையால் கோடு போட்டு இருக்கும். ஆக, அந்தத் தேதி யாரோ ஒருவர் மேஜையில் மாதக்கணக்கில் இருந்திருக்கிறது. மேஜையிலிருந்து வயலுக்குத்தான் அது வரவில்லை. ‘பயிர் வைக்காதே’ என்று சொல்வது வேறு, ‘இந்த சர்வே எண்ணில் இந்த மாதம் வேலை தொடங்கும்’ என்று சொல்வது வேறு. முன்னதைப் பத்து வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பழகியவர், பதினோராவது வருடமும் விதைக்கத்தான் செய்வார். வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க விவசாயிக்கு வராது.

பிறகு நடந்ததையும் பாருங்கள். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் தர நீதிமன்றம் உத்தரவிட்டது. மிச்சப் பயிரை அறுத்துக்கொள்ள செப்டம்பர் 15 வரை அவகாசம் வந்தது. அதாவது, ஒரு தேதி கிடைத்தது. வழக்கறிஞர், வக்காலத்து, சென்னைக்குப் பஸ், கைது, கண்ணீர்ப்புகை என்று எல்லாம் ஆனபிறகு, ஒரு பொறியாளரும் ஒரு கிராம நிர்வாக அலுவலரும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய தேதி.

இந்த நிலங்களின் கதையில் இன்னொரு வார்த்தையும் கவனிக்க வேண்டியது. 1930களின் நடுவில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வெளியே வந்ததில் தொடங்கியது நெய்வேலி. 1956இல் சுரங்க நிறுவனம் அமைந்தது. 1957 மே 20இல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. அடுத்த வருடமே மின்சாரம். அந்தக் காலத்தில் வீடு, வாசல், முந்திரித் தோப்பு எல்லாவற்றையும் விட்டுப் போனவர்களை இந்த வட்டாரம் இன்றும் ‘நிலம் கொடுத்தவங்க’ என்றுதான் சொல்கிறது. ‘வித்தவங்க’ என்று யாரும் சொல்வதில்லை. விற்பனையில் இரண்டு பக்கமும் விலை பேசியிருக்கும். இங்கே ஒரு பக்கம்தான் பேசியது. நெய்வேலி என்ற அந்தச் சின்ன ஊரே சுரங்கத்துக்குள் போய், பெயர் மட்டும் டவுன்ஷிப்புக்குக் கிடைத்தது. விஜயமாநகரம், புதுக்கூரைப்பேட்டை என்று விருத்தாசலம் பக்கம் குடியமர்த்தப்பட்டவர்கள், குடியிருக்கிற மனைக்குப் பட்டா கேட்டு நடந்த நடை தலைமுறை தாண்டியது.

அடுத்து நிலம் கொடுத்தவர்களுக்கு விலை பேசும் வாய்ப்பு கொஞ்சம் கிடைத்தது. ஆனால் காலம் அவர்களை வேறு விதத்தில் ஏமாற்றியது. வளையமாதேவிப் பக்கம் 2006க்குப் பிறகு நிலம் போனவர்களுக்கு ஏக்கருக்கு 6 லட்சம் ரூபாய் என்றால், 2023இல் புதிதாகப் பேசப்பட்ட தொகை 25 லட்சம். இடைப்பட்ட ஆண்டுகளில் அந்த நிலத்தில் சுரங்கம் வரவில்லை. அதே விவசாயிதான் உழுதுகொண்டிருந்தார். பழைய விலையில் வாங்கப்பட்ட நிலம், புதிய விலை வந்த காலத்தில் கைப்பற்றப்பட்டது. கூடுதலாகக் கருணைத்தொகை உண்டு என்று பிறகு அறிவிப்பு வந்தது. கருணை என்ற சொல்லே எரிச்சலூட்டியது. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டத்தில் 101ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது: எடுத்த நிலம் உடைமைக்கு வந்து ஐந்து வருடம் பயன்படாமல் கிடந்தால், அது உரியவருக்கோ வாரிசுக்கோ அல்லது அரசின் நில வங்கிக்கோ திரும்ப வேண்டும். இந்த நிலங்களுக்கு அது பொருந்துமா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டியது. ஆனால் சட்டம் எழுதியவர்களுக்கே, எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பது ஒரு குற்றமாகப் பட்டிருக்கிறது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்.

காத்திருப்பு என்றால் என்னவென்று டவுன்ஷிப்பிலிருந்து புரிந்துகொள்வது கடினம். உங்கள் குவார்ட்டர்ஸில் ஜன்னல் கொக்கி கழன்றால் புகார் எழுதிவைத்தால் ஆள் வந்துவிடும். சுரங்கத்தை அடுத்த ஊரில் ஒரு வீட்டைப் பாருங்கள். கீழ்த்தளம் காங்கிரீட், மேலே கம்பிகள் துருப்பிடித்து வானத்தைப் பார்த்து நிற்கின்றன. முன்சுவர் பூசியிருக்கிறது, பக்கச்சுவர் பூசவில்லை. பணமில்லாமல் அல்ல. ‘மைன்ஸ் எடுத்துக்குவான், எதுக்குப் பூசணும்’ என்று ஒரு வருடம் தள்ளினார்கள். பிறகு இன்னொரு வருடம். வெடி வைக்கிற நேரத்தில் ஜன்னல் அதிர்ந்து, வாசற்படிக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல். அதற்குள் சிமென்ட் திணித்திருக்கிறது. சிமென்டிலும் புதிதாக ஒரு மயிரிழை ஓடுகிறது. வங்கியில் நிலத்தை வைத்துக் கடன் கேட்டால், கையகப்படுத்தும் பட்டியலில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. பெண் பார்க்க வருபவர்கள்கூட ‘இந்த ஊரு போற ஊராமே’ என்று கேட்கிறார்கள். இது ஒரு வீட்டின் கதை இல்லை. இந்தப் பகுதியில் தெருத் தெருவாக நடப்பது. மூன்றாவது சுரங்கம் என்று ஒரு திட்டம் பேசப்பட்டபோது அதற்குச் சொல்லப்பட்ட கணக்கு 26 கிராமங்கள், 12,125 ஏக்கர். ஒவ்வொரு கிராமத்திலும் எத்தனை சுவர்கள் பூசாமல் நிற்கும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளலாம்.

தண்ணீரைப் பற்றி உங்களுக்குச் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஏனென்றால் நீங்கள் அறிந்ததும் ஊர் அறிந்ததும் இங்கேயும் வேறு வேறு. கரிப்படுகைக்கு மேலே சில இடங்களில் 45 மீட்டர், சில இடங்களில் 100 மீட்டருக்கும் அதிகமாக மண்ணும் கடலூர் மணற்கல்லும். ஒரு டன் பழுப்பு நிலக்கரிக்கு ஐந்தாறு கனமீட்டர் மேல்மண்ணை அள்ளவேண்டும். படுகைக்குக் கீழேயோ அழுத்தத்தோடு அடைபட்ட நீர். பம்புகள் இரவும் பகலும் ஓடி அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரை வீங்கி வெடித்துத் தண்ணீர் மேலே வந்துவிடும். உலகத்தில் சில இடங்களில் மட்டுமே உள்ள இந்தச் சிக்கலைச் சமாளித்ததில் உங்களுக்கு நியாயமான பெருமை உண்டு. அதே நீரைத்தான் ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து விவசாயிகள் மோட்டாரே இல்லாமல், குழாய் இறக்கினால் தானாகப் பொங்கி வருவதாகப் பார்த்திருக்கிறார்கள். பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். இப்போது போர் ஆழம் கேட்டால் வருடத்துக்கு வருடம் வேறு எண் சொல்கிறார்கள். இறைத்த நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையத்துக்கும், பரவனாறு வழியாக வாலாஜா ஏரிக்கும், சென்னை தவித்த வருடங்களில் குழாய் வழியாகச் சென்னைக்கும் போயிருக்கிறது. யாருக்கு எவ்வளவு போகிறது என்று தினமும் அளந்து எழுதுகிறீர்கள். நீர்மட்டம் பார்க்கும் குழாய்களைப் பல கிராமங்களில் நீங்களே பதித்திருக்கிறீர்கள். அந்தக் குழாய்க்குப் பூட்டு இருக்கிறது. பக்கத்து வயல்காரரிடம் அதில் என்ன எண் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

தெரியாத இடத்தில் சந்தேகம் குடியேறுகிறது. 2023 ஆகஸ்டில் பூவுலகின் நண்பர்கள் அமைப்பும் மந்தன் அத்யயன் கேந்திராவும் சேர்ந்து ஓர் ஆய்வு வெளியிட்டன. வடக்கு வெள்ளூர்ப் பக்கத்து நீரில் பாதரசம் அனுமதித்த அளவைப்போல் 250 மடங்கு என்றது அது. பசுமைத் தீர்ப்பாயம் அதைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அந்த எண் சரியா, மாதிரி எடுத்த முறை சரியா என்பதெல்லாம் அங்கே முடிவாகட்டும். தன் ஊர்த் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதை, பக்கத்திலேயே இருக்கும் ஆய்வுக்கூடத்திலிருந்து அல்லாமல், சென்னையிலிருந்து வந்தவர்களிடமிருந்து ஊர் தெரிந்துகொண்டதே, அது உங்களை உறுத்த வேண்டும். சுற்றுச்சூழல் அனுமதியின் நிபந்தனைப்படி ஆறு மாதத்துக்கொரு முறை அறிக்கை போகிறது. ஆங்கிலத்தில் போகிறது.

உங்கள் சுரங்கங்களில் ஓடும் பக்கெட் வீல் எந்திரங்களின் பூர்வீகம் ஜெர்மனி. அங்கே ரைன் ஆற்றுப் பக்கத்துக் கார்ட்ஸ்வைலர் சுரங்கத்திலும் இதே வகை எந்திரங்கள்தான், இதே பழுப்பு நிலக்கரிதான். ஊர்களை அவர்களும் விழுங்கினார்கள். இம்மராத் என்ற ஊரின் பெரிய தேவாலயத்தை 2018 ஜனவரியில் இடித்தார்கள். 2023 ஜனவரியில் லுட்செராத் என்ற குக்கிராமத்தைக் காலி செய்யப் போலீஸ் இறங்கியபோது சேற்றில் நடந்த மல்லுக்கட்டை உலகமே பார்த்தது. அவர்களை முன்மாதிரி என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அங்கே பழுப்பு நிலக்கரித் திட்டம் என்பது வரைபடத்தோடு வெளியிடப்படும் பொது ஆவணம். எந்த ஊருக்கு எப்போது வெட்டு வரும் என்பது அந்த ஊர்க்காரருக்குப் பல வருடம் முன்பே தெரியும். எதிர்க்கிறவரும் அந்தக் கோட்டைக் காட்டித்தான் எதிர்க்கிறார். அப்படி எதிர்த்ததில் ஐந்து ஊர்கள் 2022இல் தப்பின. எந்திரம் கப்பலேறி நெய்வேலிக்கு வந்தது. அந்த வரைபடத்தை ஊர்ச்சுவரில் ஒட்டும் பழக்கம் கப்பலேறவில்லை.

நீங்கள் போராட்டம் அறியாதவர்கள் அல்லர். 2013 ஜூலையில், நிறுவனத்தின் பங்குகளைச் சந்தையில் விற்க மத்திய அரசு முனைந்தபோது வேலைநிறுத்தம் செய்தீர்கள். கடைசியில் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே அந்தப் பங்குகளை வாங்கின. அப்போது ‘இது தமிழ்நாட்டு மண், தமிழ்நாட்டுச் சொத்து’ என்ற முழக்கத்துக்குக் கிராமங்களும் தலையாட்டின. 2022இல் 300 பொறியாளர் இடங்களைக் கேட் தேர்வு மதிப்பெண்ணை வைத்து நிரப்ப அறிவிப்பு வந்தபோது, உள்ளூர்ப் பிள்ளைகள் எங்கே என்று கேட்ட குரல்களில் டவுன்ஷிப்பின் குரலும் கலந்திருந்தது. ஏனென்றால் அது உங்கள் பிள்ளைகளையும் தொட்டது. இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. தன் வீட்டைத் தொடும்போதுதான் எவருக்கும் சுடும். உங்களோடு ஒரே குழியில் இறங்குகிற ஒப்பந்தத் தொழிலாளிக்கு இரண்டு வீடும் ஒன்றுதான். அப்பா நிலம் கொடுத்தவர்; மகன் ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவர்; தன் தாத்தா உழுத இடத்தை மண்மேடாக மேலே கொட்டுகிற ஸ்பிரெடரைச் சுத்தம் செய்கிறவர். நிரந்தரம் கேட்டு அவர்கள் 2023 ஜூலை இறுதியில் வேலைநிறுத்தம் தொடங்கியதும் வளையமாதேவியில் பொக்லைன் இறங்கியதும் ஒரே வாரத்தில் நடந்தன. அதைத் தற்செயல் என்று சொல்ல அந்தக் குடும்பங்களுக்கு மனம் வராது.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சுரங்கத்தை மூடச் சொல்லவில்லை. அது பெரிய வாதம்; 2023 ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் படுகைகளை ஏலத்திலிருந்து மத்திய அரசு விலக்கிக்கொண்டதிலிருந்து அந்த வாதம் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வேலையை விடச் சொல்லவில்லை. நிர்வாகத்தை எதிர்த்துச் சாட்சி சொல்லச் சொல்லவில்லை. வெட்டு முன்னேறும் வரைபடத்தைத் தமிழில், சர்வே எண் வாரியாக, ஊராட்சி அலுவலகச் சுவருக்குக் கொண்டுவர உங்கள் சங்கங்கள் கோரிக்கை வைக்க வேண்டும். அவ்வளவுதான். எந்தச் சர்வே எண்ணில் எந்த வருடம், எந்த மாதம் வேலை தொடங்கும். அந்த மாதத்துக்கு முன் கடைசியாக எந்தப் போகம் எடுத்துக்கொள்ளலாம். இந்த வருடம் தேவைப்படாது என்றால், தேவைப்படாது என்று. பயிர் நிற்கிற நிலத்தில் அறுவடைக்கு முன் எந்திரம் இறங்காது என்ற ஒரு வரி அதன் அடியில். பக்கத்திலேயே இன்னொரு தாள்: நீர்மட்டக் குழாயில் அந்த மாதம் வந்த எண்.

இது பெரிய வேலையில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சுரங்கத் திட்டம் ஒப்புதலுக்குப் போகும்போதே வருடவாரியாக வெட்டு எல்லை குறித்த வரைபடங்கள் அதில் உண்டு. கிராமத்தின் சர்வே எல்லைகள் அதே அலுவலகத்தின் இன்னொரு அலமாரியில். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்க்க ஒரு இளம் பொறியாளருக்கு ஒரு வாரம் போதும்.

இதற்கு உள்ளேயிருந்து வரும் மறுப்பும் தெரிந்ததுதான். தேதி வெளியே தெரிந்தால் புரோக்கர்கள் புகுந்துவிடுவார்கள், இழப்பீட்டுக்காக ஒரே ராத்திரியில் கொட்டகை எழும், தென்னங்கன்று முளைக்கும், போர் போடாத இடத்தில் போர் குழாய் நிற்கும். நடக்காதது இல்லை, நடந்திருக்கிறது. ஆனால் யோசியுங்கள், புரோக்கருக்கு இப்போது மட்டும் தேதி தெரியாதா? தெரிந்துதான் ஏக்கர் ஏக்கராகப் பவர் வாங்குகிறார். தெரியாதவர் உழுகிறவர் ஒருவர்தான். எல்லோருக்கும் தெரிந்த தேதியை வைத்து யாரும் வியாபாரம் செய்ய முடியாது. கொட்டகைப் பிரச்சினைக்கு, அறிவித்த நாளில் இருப்பதை வீடியோ எடுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது. வருவாய்த்துறைக்கு அது புதுவழக்கமும் அல்ல.

இன்னொரு மறுப்பு: திட்டம் மாறும். மழை கூடும், எந்திரம் உடையும், மணற்கல் கடினமாகிப் பல் தேயும், வெட்டு ஆறு மாதம் பின்தங்கும். மாறட்டும். மாறியதை அடுத்த தாளில் எழுதி ஒட்டுங்கள். மழை மாறுவதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு உங்கள் சுரங்கம் ஆறு மாதம் தள்ளிப்போனது பெரிய அதிர்ச்சியாக இருக்காது. ஒரு போகம் கூடுதலாகப் போட்டுக்கொள்வார்.

இளம் பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் வேறு மாநிலத்திலிருந்து வந்திருக்கலாம். தமிழ் இன்னும் நாக்கில் புரளாமல் இருக்கலாம். இந்த மடலை யாராவது படித்துச் சொல்லட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு சேத்தியாத்தோப்புச் சாலையில் போய், நீங்கள் கணினியில் இழுத்த கோடு நிலத்தில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். அங்கே களை பறித்துக்கொண்டிருக்கிற அம்மாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். வரப்பில் நின்று, நடவு எத்தனை நாளாகிறது என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு: அடுத்த முறை போனஸ், பதவி உயர்வு, குவார்ட்டர்ஸ் மராமத்து என்று கோரிக்கைப் பட்டியல் தயாராகும்போது, கடைசியில் ஒரு எண் கூட்டிக்கொள்ளுங்கள். நிர்வாகத்துக்குச் செலவில்லாத கோரிக்கை அது ஒன்றாகத்தான் இருக்கும். அச்சடிக்கத் தாளும், ஒட்டப் பசையும், கையெழுத்துப் போட ஒரு அதிகாரியும் வேண்டும். ஆடிப் பட்டத்துக்கு விதைநெல் வாங்குவது வைகாசிக் கடைசியில். தாள் அதற்கு முன்னால் சுவரில் இருந்தால், விதை வாங்குவதா வேண்டாமா என்று அவர்கள் கடைக்குப் போகும் வழியிலேயே நின்று படித்துவிட்டுப் போவார்கள்.